எர்த் போடாமல் ஏறாதே!

வைகாசி மாதத்துப் பின்னிரவு. குறுவைக்கு விட்ட நாற்று விரலளவு எழும்பி நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. பில்டர் பாயிண்ட் மோட்டார் ஒன்றுதான் துணை. அது திடீரென்று உறுமுகிறது, நின்றுவிடுகிறது. டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போய்விட்டது. குடியானவர் போன் போடுகிறார்: "தம்பி, பியூசு போயிடுச்சு. நாத்து வாடுது. ஒரு எட்டு வந்துட்டுப் போப்பா!" மறுமுனையில் லயன்மேன் சொல்கிறார்: "அண்ணே, நான் நாலு ஊரு தள்ளி நிக்கிறேன். கூட வர்றதுக்கு ஆளும் இல்ல. விடியட்டும்ணே!"

விடியும்வரை நாற்று பொறுக்குமா? பொறுக்காது என்று இவர் நினைக்கிறார். இனி நடப்பது இரண்டில் ஒன்று. லயன்மேன் மனம் கேட்காமல், செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு தனியாக வந்து கைவைப்பார். அல்லது ஊரில் "கரண்ட் வேலை தெரிந்த பையன்" ஒருவன், மூங்கில் கழியும் ஒரு முழம் கம்பியுமாகப் புறப்படுவான். பத்துத் தடவை ஒன்றும் ஆகாது. பதினோராம் தடவை மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி வரும். "மின்சாரம் தாக்கி பலி" என்ற தலைப்பு அதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது. அச்சுக் கோக்க வேண்டிய சிரமம்கூடக் கிடையாது!

இதை விபத்து என்று எழுதுவதில் நமக்குச் சம்மதம் இல்லை. இடி விழுந்தால் விபத்து. பூட்ட வேண்டியதைப் பூட்டாமல், கொடுக்க வேண்டிய ஆளைக் கொடுக்காமல் ஒருவனை ஏற்றிவிட்டு, அவன் விழுந்தபின் விபத்து என்று கணக்கு எழுதுவது என்ன நியாயம்?

டிரான்ஸ்பார்மர் என்பது என்ன? 11,000 வோல்ட்டில் வருகிற மின்சாரத்தை, வீட்டுக்கும் மோட்டாருக்கும் ஆகிற அளவுக்கு 400 வோல்ட் சொச்சமாக இறக்கிக் கொடுக்கிற தொட்டி. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் இரண்டு சுருள்கள். இவ்வளவு நம் தோழர்கள் பலருக்கும் தெரியும். ஆனால் ஒரு சங்கதி அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். அது இருவழிப் பாதை. மேலிருந்து கீழே இறக்குகிற அதே சுருள், கீழிருந்து மின்சாரம் வந்தால் மேலே ஏற்றியும் விடும்!

சப்-ஸ்டேஷனில் லைனை நிறுத்திவிட்டார்கள். கடைத்தெருவில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே போட வேண்டிய மாற்றுச் சுவிட்சைப் போடவில்லை, சொருகி விட்டுவிட்டார்கள். அந்த ஜெனரேட்டரின் 230 வோல்ட் தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போகிறது. மேல்பக்கத்தில் அது ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக நிற்கிறது. "லைன் செத்துவிட்டது" என்று நம்பி அங்கே ஒருவன் கைவைக்கிறான். அவனைக் கொன்றது மேட்டூர் மின்சாரம் அல்ல, கல்யாண வீட்டுச் சீரியல் விளக்கு!

ஜெனரேட்டரை விடுங்கள். நம் வயலுக்கு வாருங்கள். மூன்று பேசில் ஒன்று போய்விட்டால், கன்டென்சரைப் போட்டு இரண்டு பேசில் மோட்டாரை ஓட்டுகிற வழக்கம் டெல்டா முழுக்க இருக்கிறது. குற்றம் சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை. காய்கிற பயிரைப் பார்த்துக்கொண்டு உட்கார யாரால் முடியும்? ஆனால் நடப்பது என்ன? ஓடுகிற மோட்டார் வழியாக, போய்விட்ட அந்த மூன்றாவது கம்பிக்கும் மின்சாரம் திரும்பி வருகிறது. பியூஸ் எரிந்த கம்பி செத்த கம்பி என்று நினைத்து அதைத் தொடுகிறவன் ஏமாந்து போகிறான். பியூஸ் கட்டையில் கைவைக்கிற ஒவ்வொரு தொழிலாளியும் மனதில் எழுதிக்கொள்ள வேண்டிய செய்தி இது.

ஆகவேதான், நிறுத்துவது மட்டும் போதாது என்று சட்டம் சொல்கிறது. புதுச் சட்டமும் அல்ல. 1956-இல் வந்த இந்திய மின்சார விதிகளில் 36-ஆவது விதி: எந்தக் கம்பியையும் சாதனத்தையும் ஒருவர் கையாளும் முன்னால், எர்த் போட்டோ வேறு தக்க வகையிலோ அதிலுள்ள மின்சாரத்தை வெளியேற்றிவிட வேண்டும். 2003-இல் மின்சாரச் சட்டம் மாறியது. 2010-இலும் பிறகு 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் புதிய பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைப் போட்டது. எண்கள் மாறின, பெயர்கள் மாறின. இந்தக் கட்டளை மாறவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் இருக்கிற கட்டளை, கம்பத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் நம் வழக்கு.

முறையாகச் செய்தால் அந்த வேலை எப்படி நடக்கும்? வேலைக்குப் பொறுப்பானவர் சப்-ஸ்டேஷனில் லைன் கிளியர் கேட்கிறார். அங்கே பிரேக்கரைத் திறந்து, இணைப்பைப் பிரித்து, எர்த் போட்டு, "ஆட்கள் வேலை செய்கிறார்கள்" என்ற பலகையைத் தொங்கவிட்டு, நேரத்தோடு ஏட்டில் பதிவு செய்கிறார்கள். பிறகு டிரான்ஸ்பார்மரடியில் கீழ்ப்பக்கத்துப் பியூஸ்களைக் கழற்றுகிறார்கள். ஏ.பி. சுவிட்சின் கைப்பிடியை இழுத்துப் பூட்டுகிறார்கள். இழுத்தால் மட்டும் ஆயிற்றா? நிமிர்ந்து பார்க்க வேண்டும்! மூன்று பிளேடும் திறந்திருக்கின்றனவா என்று கண்ணால் எண்ண வேண்டும். துருவேறிய சுவிட்சில் கைப்பிடி கீழே வந்துவிடும். ஒரு பிளேடு மட்டும் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்று போதும். மூன்றும் திறந்தாலும், சுவிட்சுக்கு மேல்புறம் வந்து சேருகிற கம்பியில், சப்-ஸ்டேஷனில் நிறுத்தாதவரை 11,000 வோல்ட் அப்படியே இருக்கிறது. கீழே எல்லாம் செத்துவிட்டது என்று ஏறுகிறவனுடைய தலைக்கு மேலே, நாலடி தூரத்தில், அது காத்திருக்கிறது.

பிறகு சோதனைக் கோலால் கம்பியைச் சோதிக்கிறார்கள். அப்புறம் எர்த் ராடு. முதலில் அதன் ஒரு முனையை மண்ணோடு சேர்த்துவிட்டு, பிறகே மறுமுனையைக் கம்பியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது இதற்குத் தலைகீழ். வேலை நடக்கிற இடத்துக்கு இருபுறமும் மாட்ட வேண்டும். கல்யாண மண்டபத்து மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், மனிதன் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போய்ச் சேரும். வேலை முடிந்ததும் லைன் கிளியர் வாங்கியவர் எவரோ அவரேதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "முடிஞ்சிருக்கும், போடுங்க" என்று இன்னொருவர் போனில் சொல்லக்கூடாது. ஒரே பாதையில் இரண்டு கோஷ்டிகள் வேலை செய்தால், இரண்டு பேரும் திருப்பிக் கொடுத்த பிறகே மின்சாரம் விட வேண்டும்.

இவ்வளவும் செய்ய எவ்வளவு நேரமாகும்? பழகிய கைகள் இருந்தால் அரைமணியோ முக்கால்மணியோ. எத்தனை பேர் வேண்டும்? குறைந்தது இரண்டு பேர். ஒருவர் மேலே, ஒருவர் கீழே கண் இமைக்காமல். ஆக, ஆட்கள் வேண்டும், எர்த் ராடு வேண்டும், கையுறை வேண்டும், இடுப்புக் கயிறு வேண்டும். இந்த நாலில் எது எந்தப் பிரிவு அலுவலகத்தில் குறைவாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனால் பத்திரிகையின் பக்கம் போதாது. கிழிந்த கையுறை இல்லாத கையுறையைவிடக் கெடுதல் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம். இல்லாவிட்டால் பயமாவது இருக்கும்.

1957-இல் மின்சார போர்டு அமைந்தபோதும், அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பம்ப்செட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில் இந்தியாவிலேயே நம் மாநிலம் முன்னணியில் நின்றபோதும், கம்பம் நட்டவர்களும் கம்பி இழுத்தவர்களும் இந்தத் தொழிலாளர்கள்தான். அன்று தோள்மீது கம்பத்தைச் சுமந்து வரப்பு வரப்பாகப் போனார்கள். இன்று போர்டு கம்பெனியாகிவிட்டது. 2010-இல் ஒரு பிரிவினை, 2024-இல் இன்னொரு பிரிவினை. பலகைகள் புதிதாக எழுதப்பட்டன. இணைப்புகள் பெருகின, டிரான்ஸ்பார்மர்கள் பெருகின. களத்திலே நிற்கிற ஆள் பெருகினானா? பல்லாயிரம் இடங்கள் காலி. ஓய்வு பெற்றவர் இடத்தில் புது ஆள் வருவதில்லை. பக்கத்து ஊர்க்காரர் தலையில் அந்த ஊரும் ஏறுகிறது. 2021-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்களை எடுத்தார்கள். நல்லது. குழி தோண்டவும் கம்பம் நடவும் என்றுதான் அந்தப் பதவி. நடைமுறையில் அவர்களைக் கம்பத்தில் ஏற்றி லயன்மேன் வேலையும் வாங்குகிறார்கள் என்று சங்கங்கள் முறையிட்டுக்கொண்டே இருக்கின்றன. அவர்களுக்கும் கீழே ஒப்பந்தத் தொழிலாளி. அவன் செத்தால், நம் ஆளே இல்லை என்று சொல்ல ஒரு அலுவலகம், எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு காண்டிராக்டர்! உயிரோடு இருந்தபோது ஏறச் சொல்ல எல்லாரும் இருந்தார்கள்.

டெல்டாவில் இந்த அபாயம் ஏன் அதிகம்? மண்ணையும் தண்ணீரையும் கேட்டால் தெரியும்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அதுவரை குறுவை யார் தயவில் நின்றது? பில்டர் பாயிண்ட் தயவில், அதாவது டிரான்ஸ்பார்மர் தயவில். ஆறு பொய்த்தால் பாரம் முழுவதும் கம்பத்தின்மேல்! கணக்குப் பார்ப்போம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழுப் பாரத்தில் ஒரு கம்பியில் கொடுக்கக்கூடியது 84 ஆம்பியர். 5 குதிரைத் திறன் மோட்டார் ஒன்று ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கிறது. ஆக, பன்னிரண்டு மோட்டார் தாங்கும். நீர்மட்டம் இறங்க இறங்க, ஐந்தை எடுத்துவிட்டு ஏழரை போடுகிறார்கள். அது 11 ஆம்பியர் இழுக்கும். ஏட்டில் ஐந்துதான்! அலுவலகத்தார் பார்க்கிற ஏட்டுக்கும் டிரான்ஸ்பார்மர் சுமக்கிற பாரத்துக்கும் நடுவே இத்தனை வித்தியாசம். பியூஸ் போகாமல் என்ன செய்யும்?

பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய கம்பியாகப் போட்டுக் கட்டுகிறார்கள். லைன் கம்பியிலிருந்து உரித்த அலுமினிய இழையைச் சுற்றுகிறவர்களும் உண்டு. பியூஸ் போவது நோய் அல்ல, நோயைக் காட்டுகிற காய்ச்சல். காய்ச்சலை அமுக்கிவிட்டால் நோய் உள்ளே போகிறது, சுருள் எரிகிறது, எண்ணெய் கொதிக்கிறது. அந்த நிலையில் மறுபடி மின்சாரம் விட்டால், கொதிக்கிற எண்ணெய் தொட்டியைப் பிளந்து கீழே நிற்பவன்மேல் கொட்டும். பிறகு டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, டிராக்டரில் ஏற்றி, ஊரார் வசூல் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. போன நாற்றை யார் திருப்பிக் கொண்டுவருவது?

பராமரிப்பு என்பது பெரிய வித்தை அல்ல. எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறதா? தொட்டி கசிகிறதா? மூச்சுக்குழாயில் இருக்கிற சிலிகா ஜெல் நீலமாக இருக்கிறதா, ஈரம் குடித்து ரோஜா நிறமாகிவிட்டதா? புஷிங்கில் விரிசல் உண்டா? கடலோரத்தில், வேதாரண்யம் பக்கத்தில், உப்புக் காற்று இன்சுலேட்டரில் படிந்து வெடிக்கவைக்கிறதே, துடைத்தார்களா? எர்த் குழியைப் பார்த்தார்களா? நம் களிமண் மழையில் குழைகிறது, கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. வெடித்த மண்ணில் எர்த் பிடிக்காது. பெயருக்குக் கம்பி மண்ணுக்குள் போயிருக்கும். மண்ணோடு உறவு இருக்காது. உப்பும் கரியும் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை அது. நாலு குடம் தண்ணீருக்கா பஞ்சம்? ஐப்பசி கார்த்திகையில் நிலைமை வேறு. வயலெல்லாம் தண்ணீர், கம்பம் சாய்கிறது, கம்பி தொங்குகிறது, டிரான்ஸ்பார்மர் மேடையைச் சுற்றி முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு பியூஸ் கட்டுகிறான் நம் தொழிலாளி.

2018 நவம்பர் 16-ஐ இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கஜா புயல் ஒரே இரவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் - எங்கும் இருட்டு. மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட மின் தொழிலாளர்கள் வந்தார்கள். சேற்றில் இறங்கித் தோளில் கம்பம் சுமந்தார்கள். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் படுத்தார்கள். ஊரார் சோறு போட்டார்கள். விளக்கு எரிந்த அன்று மாலையும் போட்டார்கள். அந்த நாட்களில் ஊருக்கு ஊர் வாடகை ஜெனரேட்டர் ஓடியது. குடிதண்ணீர்த் தொட்டிக்கு, செல்போனுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். எந்த ஜெனரேட்டர் எந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது என்று, வேற்றூரிலிருந்து வந்து கம்பத்தில் ஏறுகிறவனுக்கு எப்படித் தெரியும்? எர்த் ராடு ஒன்றுதான் அவனுக்குச் சாட்சி. "இன்றைக்குள் மின்சாரம்" என்று மேலிருந்து வாக்குறுதி கொடுத்தவர்கள், அந்த வாக்குறுதிக்கு யாருடைய உயிரைப் பிணை வைக்கிறோம் என்று யோசித்தார்களா?

ஊரின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். தஞ்சைக்குப் பக்கத்தில் களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டார்கள். வழக்கமான தெரு, வழக்கமான தேர். சாலை போட்டுப் போட்டுத் தரை உயர்ந்திருந்தது. கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பியில் மின்சாரமும் இருந்தது. தேர் புறப்படும் முன் லைனை நிறுத்து என்பதும், டிரான்ஸ்பார்மரில் கைவைக்கும் முன் லைனை நிறுத்து என்பதும் ஒரே விதிதான். அன்று கம்பத்தில் யாரும் ஏறவில்லை. கம்பியே தெருவுக்கு இறங்கி வந்தது போலாயிற்று.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பொதுக்கூட்ட மேடைக்கு விளக்கு எங்கிருந்து வருகிறது? தெருக்கம்பியில் கொக்கி போட்டுத்தானே பல ஊர்களில் வருகிறது? எந்தக் கட்சியும் இதில் யோக்கியமில்லை. தொழிலாளியின் உயிரைப் பற்றி மேடையில் முழங்குகிறோம். அந்த மேடையின் டியூப்லைட்டுக்காகக் கொக்கிக் கழியோடு ஒரு தோழர் இருட்டில் நிற்கிறார். இதை முதலில் நிறுத்துவோம். தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்ட முடியாத கிளை, பகலில் கூட்டம் நடத்தட்டும்!

லயன்மேனைத் திட்டுவதையும் நிறுத்த வேண்டும். லைன் கிளியர் வாங்குகிற அரைமணிக்குள் பத்துப் பேர் போன் போட்டு, "என்னய்யா பண்றீங்க?" என்று அதட்டுகிறோம். அந்த அதட்டலுக்குப் பயந்துதான் அவர் எர்த் ராடை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறுகிறார். 2021 ஓராண்டில் மட்டும் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் இந்த அரைமணியை மிச்சம் பிடிக்கப் போய் இறந்தார்களோ!

நாம் கேட்பது இது. ஒருவரைத் தனியாக டிரான்ஸ்பார்மர் வேலைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் அவர் மறுக்கலாம், மறுத்ததற்காக மெமோ வரக்கூடாது. சங்கங்கள் இதை எழுத்தில் வாங்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும். ஏற்றுகிற ஆளுக்கு ஏறுகிற பதவியையும் பயிற்சியையும் கொடுத்துவிட்டு ஏற்ற வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் அதே கையுறை, அதே கயிறு, அதே நஷ்ட ஈடு பெற வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருக்கிற மண்டபம், கடை, மில் ஒவ்வொன்றிலும் மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா என்று போர்டு போய்ப் பார்க்க வேண்டும். பாரம் ஏறிய இடத்தில் இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். ஏழரையை ஐந்தென்று எழுதிவைத்திருக்கிற குடியானவர், அபராதம் விதிக்காமல் திருத்திக்கொள்ள ஒரு தவணை கொடுத்தால் உண்மையைச் சொல்லிவிடுவார். உண்மைப் பாரம் தெரிந்தால்தான் உண்மையான டிரான்ஸ்பார்மர் வரும்.

அடுத்த மேட்டூர் திறப்புக்கு முன்னால், சித்திரையிலேயே, ஒவ்வொரு கிளையும் தன் ஊர் டிரான்ஸ்பார்மரடிக்கு ஒருமுறை போகட்டும். யாரும் எதையும் தொட வேண்டாம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் போதும். எண்ணெய் கசிகிறதா, சிலிகா ஜெல் என்ன நிறம், எர்த் கம்பி அறுந்திருக்கிறதா, எத்தனை மோட்டார் தொங்குகிறது - இவற்றை ஒரு தாளில் எழுதி, ஊரார் கையெழுத்தோடு பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு ரசீது வாங்கி வையுங்கள். ஒரு நகல் சங்கத்துக்கு, ஒரு நகல் நமக்கு. ரசீது இல்லாமல் திரும்ப வேண்டாம்.